எகிப்தியத் தாயத்து அதிர்ஷ்டச் சாமான் அல்ல

இணையத்தில் எகிப்திய நகை விற்கும் எந்தக் கடைக்குள் நுழைந்தாலும் மூன்று சாமான்கள் தவறாமல் வரிசையில் நிற்கும். மை தீட்டியது போல ஒரு கண். தலையில் வளையம் வைத்த ஒரு சிலுவை. ஒரு வண்டு. கீழே விளக்கம் என்ற பெயரில் நாலு வரி. கண் போட்டால் திருஷ்டி அண்டாது, சிலுவை போட்டால் ஆயுள் கூடும், வண்டு போட்டால் அதிர்ஷ்டம் கொட்டும். அவ்வளவுதான். 3000 வருஷம் உயிரோடு இருந்த ஒரு மதத்தைச் சுருட்டி மடக்கி விலைச்சீட்டும் ஒட்டியாகிவிட்டது.

பிடித்தவன் வாங்கிப் போட்டுக்கொள்கிறான், இதில் என்ன தப்பு என்று கேட்கலாம். போட்டுக்கொள்வதில் ஒரு தப்பும் இல்லை. அழகாகத்தான் இருக்கிறது. தப்பு அந்த நாலு வரியில் இருக்கிறது. சரக்கு ஒன்று, லேபிள் வேறொன்று. துவரம் பருப்புப் பொட்டலத்தில் கேசரிப் பருப்பு இருந்தால் நுகர்வோர் நீதிமன்றத்துக்குப் போகலாம். செத்துப்போன ஒரு மதத்துக்காக யார் போய் கேஸ் போடுவது?

ஆகவே முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. பண்டைய எகிப்தியரின் தாயத்தை "அதிர்ஷ்டப் பொருள்" என்று சொல்வது பொய். "மூடநம்பிக்கை" என்று ஒரே வார்த்தையில் தள்ளிவிடுவது சோம்பேறித்தனம். "மறைந்த விஞ்ஞானம்" என்று கதை விடுவது உடான்ஸ். மூன்றுமே ஒரே வேலையைத்தான் செய்கின்றன. அந்தப் பொருளைச் செய்தவனும் அணிந்தவனும் என்ன நினைத்தார்கள் என்று கேட்காமலே தாண்டிப் போகின்றன.

பெயரே சொல்கிறது

தாயத்துக்கு எகிப்திய மொழியில் பல பெயர்கள் உண்டு. மெகெத், நெஹெத், சா. இவையெல்லாம் காத்தல், காவல் என்ற பொருள் தரும் வேர்களில் பிறந்தவை. இன்னொரு பெயர் வெட்ஜா. இதே ஒலியுள்ள சொல்லுக்குக் குறையில்லாமல் இருத்தல், நலம் என்று பொருள். ஆக, ஒரு பக்கம் காவல், மறுபக்கம் முழுமை. லாட்டரி அடிக்கும் என்ற பொருள் இந்தப் பெயர்களில் எங்கேயும் இல்லை.

இந்த இரண்டு சொற்களையும் மனதில் வைத்துக்கொண்டு அந்தக் கண்ணைப் பாருங்கள்.

ஹோரஸ் பருந்துத் தெய்வம். தந்தை ஒசைரிஸைக் கொன்ற சேத்துடன் அரசுரிமைக்காக மோதுகிறான். சண்டையில் ஹோரஸின் கண் சேதமாகிறது. எழுத்துக்கும் அறிவுக்கும் தெய்வமான தோத் அதைக் குணப்படுத்தி முழுசாக்கித் திருப்பித் தருகிறான். (யார் குணப்படுத்தினார்கள் என்பதில் கதைக்குக் கதை வித்தியாசம் உண்டு.) அந்தக் கண்ணின் பெயர் வெட்ஜாத். முழுசானது, நலமடைந்தது என்று அர்த்தம். கண்ணுக்குக் கீழே கோடும் சுருளும் இருக்கிறதே, அது பருந்தின் கன்னத்தில் உள்ள அடையாளம்.

ஆக, அடிபட்டுத் தேறிய கண் இது. அடுத்தவன் பொறாமைப் பார்வைக்கு எதிராக முறைத்துக்கொண்டிருக்கும் கண்ணாக இதைப் படிப்பது பின்னால் வந்த பழக்கம். துருக்கியிலும் மத்தியதரைக்கடல் ஊர்களிலும் விற்கும் நீலக் கண்ணாடி மணி வேறு மரபு. அதை "ஈவில் ஐ" என்று விற்கிறவர்கள் இதையும் அதே தட்டில் போட்டுவிட்டார்கள். தமிழில் அதைத் "திருஷ்டிக் கண்" என்று மொழிபெயர்த்ததும் குழப்பம் பூரணமாகிவிட்டது.

எகிப்தியன் அந்தக் கண்ணை எங்கே வைத்தான் என்று பார்த்தால் சந்தேகமே வராது. பதப்படுத்தும்போது உடலின் இடது விலாவில் கீறித்தான் உள்ளுறுப்புகளை எடுப்பார்கள். அந்தக் கீறலின் மேல் ஒரு தகடு வைப்பது உண்டு. அந்தத் தகட்டில் வெட்ஜாத் கண். தானிஸ் நகரில் கிடைத்த அரசன் முதலாம் சூசென்னஸின் தங்கத் தகடு இதற்கு நல்ல உதாரணம். காயம்பட்டுக் குணமான கண், காயத்தின் மேலேயே வைக்கப்படுகிறது. ஹோரஸுக்கு நடந்தது இவனுக்கும் நடக்கட்டும். இதில் அதிர்ஷ்டம் எங்கே வந்தது?

நாலு உறுப்புள்ள வாக்கியம்

எகிப்தியத் தாயத்தைப் பொருளாகப் பார்ப்பதைவிட வாக்கியமாகப் பார்த்தால் சுலபமாகப் புரியும். அதற்கு நாலு உறுப்பு. உருவம், கல், சொல், இடம். எகிப்தியரின் எழுத்தே படங்களால் ஆனது என்பதால், பல தாயத்துகள் நேரடியாக எழுத்துகளே. வளையம் வைத்த அந்தச் சிலுவை சிலுவையே அல்ல. "ஆன்க்" என்ற எழுத்து. உயிர் என்று பொருள். கிறிஸ்தவம் வந்த பிறகு எகிப்தியக் கிறிஸ்தவர்கள் அதைத் தங்கள் சிலுவையாகவும் எடுத்துக்கொண்டார்கள் என்பது தனிக் கதை.

"இறந்தவர்களின் புத்தகம்" என்று இன்று அழைக்கப்படும் மந்திரத் தொகுப்பில் சில மந்திரங்களுக்குக் கீழே செய்முறைக் குறிப்பு இருக்கும். மருந்துச் சீட்டு மாதிரி கறாராக இருக்கும். 155ஆம் மந்திரம் ஜெட் தூணுக்கானது. ஜெட் என்பது ஒசைரிஸின் முதுகெலும்பாகக் கருதப்பட்ட சின்னம். நிலைத்திருத்தல் என்று பொருள். அதைத் தங்கத்தில் செய்ய வேண்டும், காட்டத்தி மரத்தின் நாரில் கோர்க்க வேண்டும், அடக்கம் செய்யும் நாளில் இறந்தவரின் கழுத்தில் வைக்க வேண்டும். 156ஆவது, ஐசிஸின் முடிச்சான தியெத்துக்கு. அது சிவப்பு ஜாஸ்பர் கல்லில் இருக்க வேண்டும். ஏன் சிவப்பு? அந்த மந்திரமே ஐசிஸின் ரத்தத்தை அழைக்கும் மந்திரம். 160ஆவது பச்சை ஃபெல்ட்ஸ்பார் கல்லில் செய்த பாப்பிரஸ் தண்டுக்கு. அந்தத் தண்டின் பெயர் வாட்ஜ். பச்சை, பசுமை, தழைத்தல் எல்லாவற்றுக்கும் அதே சொல். உருவமும் பச்சை, கல்லும் பச்சை, பெயரும் பச்சை. ஒரே விஷயத்தை மூன்று தரம் அழுத்திச் சொல்கிறார்கள்.

166ஆவது தலைதாங்கிக்கு. எகிப்தியர் தலையணைக்குப் பதில் பிறை வடிவ மேல்பகுதி உள்ள தாங்கியில் தலைவைத்துத் தூங்கினார்கள். அதன் குட்டி உருவம்தான் இந்தத் தாயத்து. தூங்குகிறவன் தலையை உயர்த்துவது போல இறந்தவனும் தலையை உயர்த்தி எழ வேண்டும், அவன் தலையை யாரும் பறிக்கக்கூடாது என்பது வேண்டுதல். (இந்தத் தலைதாங்கியை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் வரும்.)

கோயில்களும் இதை விளையாட்டாக எடுத்துக்கொள்ளவில்லை. தெந்தேரா கோயில் மாடியிலுள்ள ஒசைரிஸ் அறைகளின் சுவரில் 104 தாயத்துகளின் பட்டியல் செதுக்கப்பட்டிருக்கிறது. மக்ரெகர் பாப்பிரஸ் என்ற சுருளில் 75 தாயத்துகள் படமும் பெயருமாக வரிசைப்படுத்தப்பட்டிருக்கின்றன. இது கறாராகப் பராமரிக்கப்பட்ட சரக்குப் பதிவேடு.

தன் நெஞ்சுக்கே பயந்தவர்கள்

வண்டு விஷயத்தில்தான் கடைக்காரர்கள் செய்யும் அநியாயம் உச்சத்துக்குப் போகிறது.

சாணியை உருட்டிக்கொண்டு போகும் சாண வண்டைப் பார்த்த எகிப்தியன் அதில் சூரியனை வானத்தில் உருட்டும் கெப்ரி என்ற தெய்வத்தைக் கண்டான். கெப்பெர் என்றால் ஆதல், உருவாகி வருதல். சின்ன வண்டுகள் முத்திரையாகவும் தாயத்தாகவும் லட்சக்கணக்கில் புழங்கின. ஆனால் வண்டுகளில் ஒன்று தனி ரகம். அதற்கு இதய வண்டு என்று பெயர். பெரும்பாலும் பச்சை அல்லது கருமையான கல்லில் செய்து, இறந்தவரின் நெஞ்சில் வைப்பார்கள். அடிப்பக்கத்தில் 30பி என்ற மந்திரம் செதுக்கியிருக்கும்.

அந்த மந்திரம் என்ன கேட்கிறது? செல்வம் கேட்கவில்லை, வெற்றி கேட்கவில்லை. இறந்தவன் தன் இதயத்தைக் கெஞ்சுகிறான். தீர்ப்பு மன்றத்தில் தனக்கு எதிராகச் சாட்சி சொல்லாதே என்கிறான். ஏனென்றால் அங்கே தராசின் ஒரு தட்டில் அவன் இதயம் இருக்கும், மறு தட்டில் மாத் என்ற சத்தியத்தின் இறகு இருக்கும். பக்கத்திலேயே முதலைத் தலையோடு அம்மித் என்ற மிருகம் காத்திருக்கும். தோற்ற இதயம் அதற்கு இரை. பிறகு மறுவாழ்வு கிடையாது.

இது சாட்சியைக் கலைக்கும் வேலைதானே என்று கேட்டால், நியாயமான கேள்விதான். அமெரிக்க எகிப்தியவியல் அறிஞர் ஜேம்ஸ் ஹென்றி பிரெஸ்டட் 1912இல் வெளியான தன் நூலில் இதைக் கடுமையாகவே சாடினார். ஒழுக்கத்தால் ஜெயிக்க வேண்டிய இடத்தில் மந்திரத்தால் ஜெயிக்கப் பார்க்கிறார்கள் என்பது அவர் குற்றச்சாட்டு. அதில் பாதி உண்மை இருக்கிறது. மீதிப் பாதியை அவர் பார்க்கவில்லை. உள்ளே இருக்கும் மனசாட்சி உண்மையைத்தான் பேசும், அதை மறைக்க முடியாது என்று நம்புகிறவனுக்குத்தான் இப்படி ஒரு கல் தேவைப்படும். தன் நெஞ்சே தனக்கு எதிராகப் பேசிவிடுமோ என்று பயந்த மனிதன் அவன். அவன் நெஞ்சில் வைத்த கல்லின் நகலைத்தான் "குட் லக்" என்று அட்டையில் குத்தி விற்கிறார்கள்.

உயிரோடு இருந்தவர்களின் பயம்

தாயத்து என்றாலே மம்மிக்கு என்று நினைப்பதும் தப்பு. உயிரோடு இருந்தவர்கள் அணிந்தது ஏராளம். பெஸ் என்ற குள்ளத் தெய்வம், நாக்கை நீட்டிக்கொண்டு சிங்க முகத்தோடு நிற்கும். தவேரெத் என்ற பெண் தெய்வத்துக்குக் கர்ப்பிணி நீர்யானையின் உடல், சிங்கத்தின் கால், முதலையின் முதுகு. இரண்டும் அழகுக்காகச் செய்தவை இல்லை. பிரசவத்திலும் தொட்டில் பக்கத்திலும் காவல் நிற்பதற்காகச் செய்தவை. படகைக் கவிழ்த்து ஆளைக் கொல்லும் மிருகம் நீர்யானை. அந்த மூர்க்கத்தைத் தாயின் பக்கம் திருப்பிவிட்டால் எந்தக் கெட்டது கிட்ட வரும்? இதுதான் கணக்கு. பிரசவம் என்றாலே பாதி உயிர் போன மாதிரி என்றிருந்த காலம் அது. பிறந்த குழந்தை பிழைத்து நடக்குமா என்று யாருக்கும் தெரியாத காலம்.

கி.மு. 1000ஐ ஒட்டிய நூற்றாண்டுகளில் வந்த இன்னொரு வகை இன்னும் வியப்பானது. நீளமான, குறுகலான பாப்பிரஸ் பட்டையில் தெய்வத்தின் வாக்கை எழுதி, சுருட்டி, குழலில் போட்டுக் கழுத்தில் கட்டினார்கள். தாயத்துக்குள் மந்திரத் தகடு வைத்துப் பார்த்தவர்களுக்கு இந்த அமைப்பு உடனே புரியும். இவற்றை ஐ. இ. எஸ். எட்வர்ட்ஸ் 1960இல் தொகுத்து வெளியிட்டார். அதில் இருப்பது பிரார்த்தனை அல்ல, உத்தரவாதம். தெய்வமே பேசுகிறது. இன்னாரை இன்னின்ன ஆபத்திலிருந்து காப்பேன் என்று பெயர் சொல்லி ஒப்புக்கொள்கிறது. பாம்பு, தேள், இடிந்து விழும் சுவர், உடம்பின் ஒவ்வொரு உறுப்புக்கும் வரும் நோய் என்று பட்டியல் நீள்கிறது. மற்ற தெய்வங்களால் வரும் கெடுதிகூட விடுபடவில்லை! இன்றைய காப்பீட்டு பாலிசியில் எது எதற்கு இழப்பீடு கிடையாது என்றுதான் பொடி எழுத்தில் பக்கம் பக்கமாக இருக்கும். இதில் எல்லாமே "உண்டு" பட்டியல்.

தன் பிள்ளையின் மேல் சுவர் இடிந்து விழுந்துவிடுமோ என்று பயந்த ஒரு அம்மாவை "மூடநம்பிக்கைக்காரி" என்று சொல்லிவிட்டுப் போவது ரொம்ப சுலபம். தாயத்து சுவரைத் தாங்கிப் பிடிக்காது என்பது உண்மை. அந்த உண்மையைச் சொல்ல ஒரு வரி போதும். அந்தப் பட்டியலைப் படித்து, அந்த மக்கள் எதற்கெல்லாம் பயந்தார்கள், எந்த நோய்க்குப் பெயர் வைத்திருந்தார்கள் என்று தெரிந்துகொள்ளத்தான் உழைப்பு வேண்டும். பிரிட்டிஷ் மியூசியத்தின் வாலிஸ் பட்ஜ் 1930இல் எழுதிய புத்தகத்துக்கு வைத்த தலைப்பே "தாயத்துகளும் மூடநம்பிக்கைகளும்" என்பதுதான். உள்ளே தகவல் கொட்டிக் கிடக்கிறது. ஆனால் அட்டையிலேயே தீர்ப்பு எழுதியாகிவிட்டது.

"அவர்களும் வியாபாரம்தானே செய்தார்கள்?"

இதுதான் எதிர்த் தரப்பின் பலமான வாதம். தட்டிக்கழிக்கக்கூடாது.

ஆமாம், செய்தார்கள். ஃபயான்ஸ் என்ற பொருள் இருக்கிறது. படிகக் கல்லைப் பொடித்து, செம்பு கலந்து சுட்டு, மேலே நீலமும் பச்சையுமாகப் பளபளக்கச் செய்வது. தங்கமும் விலையுயர்ந்த கல்லும் வாங்க முடியாதவர்களுக்கு அதில்தான் தாயத்து. அமர்னா நகரில் 1891-92இல் தோண்டிய ஃபிளிண்டர்ஸ் பெட்ரி, இப்படிப்பட்ட சாமான்களை அழுத்தி எடுக்கும் களிமண் அச்சுகளை ஆயிரக்கணக்கில் கண்டெடுத்தார். சுத்தமான பட்டறை உற்பத்தி. இதய வண்டுகளில்கூட சிலவற்றில் மந்திரம் முழுக்கச் செதுக்கி, பெயர் வர வேண்டிய இடம் மட்டும் காலியாக இருக்கிறது. ரெடிமேட் சரக்கு!

ஆனால் அந்த வியாபாரத்துக்கு ஒரு விதி இருந்தது. பச்சைக் கல்லுக்குப் பதில் எதை வேண்டுமானாலும் கொடுத்துவிடவில்லை. பச்சை ஃபயான்ஸ் கொடுத்தார்கள். சிவப்புக்குச் சிவப்புக் கண்ணாடி. பொருள் மலிந்தது, அர்த்தம் மலியவில்லை. ஏழையின் தாயத்தும் அரசனின் தாயத்தும் ஒரே வாக்கியத்தைத்தான் சொல்லின. ஒன்று தங்கத்தில், மற்றது சுட்ட பொடியில். இன்றைய கடையில் பொருள் வெள்ளியாக இருக்கலாம். வாக்கியம்தான் காணாமல் போய்விட்டது.

எல்லாத் தாயத்துக்கும் மாற்று உண்டு என்று எகிப்தியர் நினைக்கவும் இல்லை. பெர்லினில் உள்ள வெஸ்ட்கார் பாப்பிரஸில் ஒரு கதை. அரசன் ஸ்னெஃபெருவுக்குப் பொழுது போகவில்லை. இருபது பெண்கள் படகு வலிக்க, ஏரியில் உலா போகிறான். துடுப்பு போடும் ஒருத்தியின் மீன் வடிவப் பதக்கம் தண்ணீரில் விழுந்துவிடுகிறது. (நீரில் மூழ்காமல் காக்கும் என்று பெண்கள் கூந்தலில் அணிந்த மீன் தாயத்து இது என்று அறிஞர்கள் கருதுகிறார்கள்.) அவள் துடுப்பை நிறுத்திவிடுகிறாள். வேறு தருகிறேன் என்று அரசனே சொல்கிறான். முடியாது, என்னுடையதுதான் வேண்டும் என்கிறாள். கடைசியில் ஜஜாஎம்அன்க் என்ற மந்திரப் பூசாரி ஏரியின் பாதித் தண்ணீரைத் தூக்கி மறுபாதி மேல் மடித்துவைத்து, ஓட்டுச் சில்லு மேல் கிடந்த பதக்கத்தை எடுத்துக் கொடுக்கிறான். ஒரு பெண்ணின் மீன் பதக்கத்துக்காக ஒரு ஏரியையே மடிக்கிறார்கள். கதைதான். ஆனால் எது முக்கியம் என்று அந்தச் சமூகம் நினைத்தது என்பதும் அந்தக் கதையில் இருக்கிறது.

வாக்கியத்தை உடைத்தவர்கள்

முதலில் உடைத்தவர்கள் எகிப்தியர்களே. ஒன்பதாம் ராம்சேஸின் 16ஆம் ஆட்சியாண்டில், கி.மு. 1110ஐ ஒட்டி, அமுன்பனெஃபெர் என்ற கல்தச்சன் விசாரணையில் கொடுத்த வாக்குமூலம் பாப்பிரஸில் இருக்கிறது. சோபெக்எம்சாஃப் என்ற அரசனின் கல்லறைக்குள் கூட்டாளிகளோடு புகுந்து, கழுத்தில் கிடந்த தங்கத் தாயத்துகளையும் நகைகளையும் உருவிக்கொண்டு, சவப்பெட்டிகளுக்குத் தீ வைத்ததாக ஒப்புக்கொள்கிறான். எட்டுப் பேருக்கு ஆளுக்கு 20 டெபன் தங்கம். ஒரு டெபன் சுமார் 91 கிராம். பிடிபட்டதும் தன் பங்கை அதிகாரிக்கு லஞ்சமாகக் கொடுத்து வெளியே வந்து, கூட்டாளிகளிடம் மறுபடி பங்கு வாங்கிக்கொண்டான்! காவலுக்கு வைத்த தாயத்தே களவுக்குக் காரணமானது. தாயத்து பலிக்கும் என்று வாதாட இங்கே யாரும் வரவில்லை என்பதற்கு இந்த ஒரு வாக்குமூலம் போதும்.

அடுத்து வந்தவர்கள் படித்தவர்கள். 1830களில் லண்டனில் தாமஸ் பெட்டிக்ரூ என்ற மருத்துவர் கூட்டம் கூட்டி மம்மிகளைப் பிரித்துக் காட்டினார். டிக்கெட் வாங்கிக்கொண்டு பார்க்க வந்தார்கள். துணியை உருவ உருவ எது எங்கே இருந்தது என்ற விவரம் போகிறது. கழுத்தில் இருந்ததா, காயத்தின் மேலா, கட்டின் எத்தனையாவது சுற்றில்? அது போனால் நாலு உறுப்பில் ஒன்று போயிற்று. மேசைக்கு வந்த தாயத்து வாய்பேசாத தாயத்து.

இவர்களில் விதிவிலக்கும் உண்டு. பெட்ரி 1914இல் வெளியிட்ட நூலில் 275 வகைத் தாயத்துகளைப் பிரித்து விளக்கியதோடு, மம்மிகளின் மேல் எது எங்கே இருந்தது என்று வரைபடமும் போட்டார். தோண்டும்போதே குறித்துவைத்தவர் அவர். அந்தக் குறிப்பு இல்லாத கண்ணாடிப் பெட்டிகளில் இருப்பது அழகான மணிகள் மட்டுமே.

இனி அந்தத் தலைதாங்கி. துட்டன்காமுனின் உடலை 1925 நவம்பரில் ஹோவர்ட் கார்ட்டரின் குழு பிரித்தது. உடற்கூறியல் பேராசிரியர் டக்ளஸ் டெரி தலைமையில் ஆய்வு. கட்டுகளுக்குள் 101 தொகுதிகளாக 143 பொருட்கள். கார்ட்டர் அவை இருந்த இடத்தையெல்லாம் கவனமாகப் பதிவு செய்தார், அந்தப் புண்ணியம் அவருக்கு உண்டு. ஆனால் பிசின் இறுகி உடல் பெட்டியோடும் முகமூடியோடும் ஒட்டிக்கொண்டிருந்தது. சூடாக்கிய கத்திகளால் தலையை முகமூடியிலிருந்து பிரித்தார்கள். உடல் துண்டு துண்டானது. தலை கழுத்திலிருந்து தனியானது. அந்தத் தலையின் அடியில், முகமூடிக்குள், இரும்பில் செய்த ஒரு குட்டித் தலைதாங்கி இருந்தது. தலை பறிபோகக்கூடாது என்பதற்கான அதே தாயத்து. 3000 வருஷத்துக்கு மேல் அது தன் வேலையைச் செய்துகொண்டுதான் இருந்தது. விஞ்ஞானம் வந்து பறித்தது.

மூன்றாவது கூட்டம் இன்றைய இணைய ஞானிகள். வெட்ஜாத் கண்ணின் ஆறு பகுதிகளும் 1/2, 1/4, 1/8 என்று 1/64 வரை பின்னங்களைக் குறிக்கும், கூட்டினால் 63/64 வரும், அந்தக் குறையும் 1/64 தெய்வ ரகசியம் என்று ஜல்லியடிப்பார்கள். கணிதத்தின் பெயரால் வருவதால் படித்தவர்களும் தலையாட்டுகிறார்கள். இது 1911இல் கியோர்க் மொல்லர் முன்வைத்த ஊகம். ஆலன் கார்டினரின் இலக்கணப் புத்தகம் வழியாகப் பரவியது. தானிய அளவைக் குறிகள் கண்ணின் துண்டுகளிலிருந்து வந்தவை அல்ல என்று ஜிம் ரிட்டர் 2002இல் விளக்கமாகக் காட்டிவிட்டார். ஃபார்வர்டு மட்டும் நின்றபாடில்லை. மருந்துச் சீட்டின் தலையில் டாக்டர் போடும் குறி ஹோரஸின் கண் என்பதும் இதே ரகம். அது "எடுத்துக்கொள்" என்ற லத்தீன் சொல்லின் சுருக்கம். கண்ணுக்குள் மூளையின் குறுக்கு வெட்டுப் படம் தெரிகிறது என்பவர்களுக்குப் பதில் சொல்லவே தேவையில்லை. மேகத்தில் யானைகூடத்தான் தெரியும்.

பிரிக்காமலே படிக்கலாம்

உடைக்காமல் படிக்க முடியுமா? முடியும் என்று 2023 ஜனவரியில் தெரிந்தது. 1916இல் எட்ஃபு அருகே கண்டெடுக்கப்பட்டு, கெய்ரோ எகிப்திய அருங்காட்சியகத்தின் கீழ்த்தளத்தில் கிடந்த ஒரு மம்மி. கி.மு. 300ஐ ஒட்டிய காலம். பதினாலு, பதினைந்து வயதுப் பையன். நூறு வருஷத்துக்கு மேலாக யாரும் பிரிக்கவில்லை. கெய்ரோ பல்கலைக்கழகத்தின் கதிரியக்கவியல் பேராசிரியர் சஹர் சலீமும் அவர் குழுவும் சி.டி. ஸ்கேன் எடுத்துப் பார்த்தார்கள். ஒரு நூலைக்கூட அவிழ்க்கவில்லை.

உள்ளே 21 வகையில் 49 தாயத்துகள். மூன்று நெடுவரிசையில் அடுக்கியிருந்தன. நெஞ்சுக்குள் தங்க இதய வண்டு. வாய்க்குள் தங்க நாக்கு, மறுமையில் பேசுவதற்காக. ஆணுறுப்பின் அருகே இரண்டு விரல் வடிவத் தாயத்து. எல்லாம் வைத்த இடத்திலேயே இருந்தன. வாக்கியம் முழுசாக இருந்தது. ஒரு வேளை அவனைப் பெற்றவர்கள் அழுதுகொண்டே பார்த்து நின்ற வரிசை அது. 2300 வருஷம் கழித்து அதே வரிசையில் படிக்க முடிந்ததற்கு ஒரே காரணம், இடையில் யாரும் கை வைக்கவில்லை என்பதுதான்.

இதனால்தான் "ஒரிஜினல் எகிப்தியத் தாயத்து, சான்றிதழுடன்" என்று வரும் விளம்பரங்கள் திருஷ்டிக் கண் டாலரைவிட ஆபத்தானவை. போலி என்றால் வாங்குகிறவனின் காசு போகிறது, அவ்வளவே. அசல் என்றால்? ஏதோ ஒரு நெஞ்சிலிருந்தோ கழுத்திலிருந்தோ அது உருவப்பட்டிருக்கிறது. எகிப்து 1983ஆம் ஆண்டின் 117ஆம் எண் சட்டத்தால் தொல்பொருள் வியாபாரத்தைத் தடை செய்தது. அப்படியும் 2013 ஆகஸ்டில் மல்லாவி அருங்காட்சியகம் சூறையாடப்பட்டு, ஆயிரத்துக்கும் மேற்பட்ட பொருட்கள் காணாமல் போயின. பிறகு பெரும்பகுதி மீட்கப்பட்டது. திருடுகிறவன் தன் வீட்டு அலமாரியில் வைக்கவா திருடுகிறான்? வாங்க ஆள் இருக்கிறது என்று தெரிந்துதான் திருடுகிறான். தேவை இருக்கும்வரை வரத்து இருக்கும். வணிகவியல் முதல் பாடம் இது. சட்டைப் பையில் அடங்கும், எல்லையில் கண்ணில் படாது, அளவுக்கு மீறி விலை போகும் என்பதால் தாயத்து கடத்தலுக்கு ரொம்ப வசதியான சரக்கு. அமுன்பனெஃபெரும் இந்தக் கணக்கைத்தான் போட்டான். அவனுக்கு லஞ்சம் வாங்க ஒரு அதிகாரி இருந்தான். இன்றைக்கு ரசீது போட்டுக்கொடுக்க ஒரு கடை இருக்கிறது.

ஆசைப்படுகிறவர்கள் புதிதாகச் செய்த டாலரைத் தாராளமாக வாங்கட்டும். கண் பிடித்திருந்தால் கண், வண்டு பிடித்திருந்தால் வண்டு. விற்கிறவர்கள் அந்த அட்டையில் இரண்டு வரியை மட்டும் மாற்றினால் போதும். கண்ணுக்குக் கீழே "காயம்பட்டுக் குணமான கண்" என்று போடலாம். வண்டுக்குக் கீழே "என் நெஞ்சே, எனக்கு எதிராகப் பேசாதே என்று கேட்டவர்களின் கல்" என்று போடலாம். விற்பனை ஒன்றும் குறைந்துவிடாது. படிக்கிறவர்களில் பத்தில் ஒருவராவது ஒரு நிமிஷம் நின்று யோசிப்பார்கள். பழையதை விற்கிறவர்களுக்கு மட்டும் எந்த அட்டையும் தேவையில்லை. அவர்களிடம் வாங்காமல் இருந்தாலே போதும்.